சூரிச் கோட்டு

கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜ் அறையில் மின்விசிறி சூட்டைத்தான் சுழற்றுகிறது. கீழே வீதியில் ஆமிக்காரன் யாரையோ மறித்து அடையாள அட்டை கேட்கிறான். நாளைக்கு சூரிச்சுக்குக் கல்யாணப் பெண்ணாகப் பறக்கப்போகும் நளாயினி, கம்பளிக் கோட்டுக்குள் வேர்த்து வழிய நிற்கிறாள். முதலில் அக்கா கமலேஸ்வரிக்குத்தான் அந்தச் சம்பந்தம் பேசினார்கள். அவளுடைய அளவுக்கு அங்கிருந்து கோட்டை வாங்கி அனுப்பிய பிறகுதான், குடும்பப் படத்தில் பக்கத்தில் நின்ற தங்கச்சியை மாப்பிள்ளைக்குப் பிடித்துப்போயிற்று. கதவைப் பூட்டிக்கொண்டு கமலேஸ்வரி எத்தனை தரம் போட்டுப் பார்த்த கோட்டு! "கை நீளமாக் கிடக்கு அக்கா." "அசையாமல் நில்லடி," என்கிறாள் பற்களுக்கிடையில் குண்டூசியோடு. ஜன்னல் கண்ணாடி அதிரக் கடலோர ரயில் போகிறது. "வெட்டாதேங்கோ, உள்ளுக்கு மடிச்சுத் தையுங்கோ. பிறகு நான் உங்களை அங்கை கூப்பிடேக்கை நீங்களும் போடலாம்." கமலேஸ்வரி ஊசியையும் நூலையும் கட்டிலில் வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுக்கிறாள்.