ஐந்து மணி வரை

"உங்ககிட்ட மட்டும்தானே மேடம் சொன்னேன்! அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

போனில் சிட்டுவின் அம்மா அழுதேவிட்டாள். சிட்டுவின் அப்பா வாசல் வரை வந்த விஷயத்தைக் குழந்தைகள் காப்பகத்து மேடம் அப்போதுதான் சொல்லியிருந்தாள்.

"பதறாதீங்க. சிட்டு உள்ள பத்திரமா இருக்கா. நீங்க கிளம்பி வாங்க. யார் சொன்னதுன்னு நான் பார்த்துக்கறேன்."

பார்க்க என்ன இருக்கிறது? மேடம் வெளியே போயிருந்த நேரத்தில் நடந்ததெல்லாம்தான் கேமராவில் பதிவாகியிருந்ததே.

கேட்டுக்கு வெளியே சிட்டுவின் அப்பா. குடித்துவிட்டு அடிப்பவன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டியவன். அவனுக்குத் தெரியாமல்தான் அம்மாவும் பெண்ணும் இந்த ஊருக்கு வந்திருந்தார்கள். சிட்டுவைச் சேர்த்த அன்றே அம்மா மேடத்திடம் அவன் படத்தைக் காட்டி, "இவர் கண்ணுல மட்டும் இவ படவே கூடாது" என்று கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள்.

கேட்டுக்கு உள்ளே பூட்டக்கா. அவன் தன் செல்போனை நீட்டுகிறான். இவள் வாங்கி உற்றுப் பார்க்கிறாள். ஏதோ சொல்லித் திருப்பிக் கொடுக்கிறாள். படம் உண்டு, சத்தம் கிடையாது.

பூட்டக்கா என்று பெயர் வைத்தது பிள்ளைகள்தான். ஆயா வேலையோடு கேட்டுச் சாவியும் அவள் இடுப்பில். மேடமே வந்தாலும் திறந்து, உள்ளே விட்டு, மறுபடி பூட்டிய பிறகுதான் வணக்கம் சொல்வாள்.

மற்ற ஆயாக்களுக்கு சிட்டு பத்தோடு பதினொன்று. விஷயம் முழுசாகத் தெரிந்தவர்கள் மேடமும், கேட்டில் நிற்பவள் என்று மேடமே சொல்லிவைத்த பூட்டக்காவும்தான். மேடம் வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்புறம் வேறு யார்?

யோசிக்க யோசிக்க மேடத்துக்கு எல்லாமே பொருந்தி வந்தது. பூட்டக்காவுக்கு அந்தக் குழந்தையைக் கண்டாலே ஆகாது. வாரா வாரம் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுக்கும்போது சிட்டுவை மட்டும் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். போன வாரம் மேடம்தான் சத்தம் போட்டு, தன் கையாலேயே சிட்டுவுக்குக் காகிதக் கிரீடம் வைத்து முன்வரிசையில் உட்கார வைத்தாள்.

இருப்புக் கொள்ளவில்லை. அறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். தெருவில் பைக் சத்தம் கேட்டாலே திக்கென்றது. கடைசியில் பூட்டக்காவைக் கூப்பிட்டாள்.

"அவன்கிட்ட என்ன பேசினீங்க?"

"அந்தக் குழந்தை இப்ப இங்க இல்லைன்னேன் மேடம்."

"அதுக்கு எதுக்கு அவன் போனை வாங்கிப் பார்த்தீங்க?"

பூட்டக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சிட்டுவின் அம்மா தலைவிரி கோலமாக உள்ளே ஓடி வந்து குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள். பூட்டக்கா வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்க! இவங்க முன்னாடியே சொல்லுங்க!"

"அப்புறம் தனியா சொல்றேன் மேடம்."

"தனியா என்ன ரகசியம்? மாட்டிக்கிட்டதும் கல்லுளிமங்கி மாதிரி நின்னா ஆச்சா? எவ்வளவு குடுத்தான்?"

பூட்டக்காவின் முகம் சுருங்கிப் போயிற்று.

மேடம் அம்மா பக்கம் திரும்பினாள். "என் இடத்துல இப்படிப்பட்டவங்களுக்கு வேலை கிடையாதும்மா. இன்னியோட அனுப்பிடறேன்."

"உங்களைப் போய் நம்பினேனே அக்கா!" என்றாள் அம்மா.

அந்த ஒரு வார்த்தைதான் பூட்டக்காவைச் சுட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திட்டறதை வீட்டுக்குப் போய்த் திட்டும்மா. அவர் இன்னும் தெருமுனையிலதான் நிக்கறார். முன்வாசல் வேணாம். பின்வாசல்ல வண்டி நிக்குது, எனக்குத் தெரிஞ்ச பொண்ணோடது. நானும் கூட வரேன்."

அம்மா தயங்கினாள். சிட்டு தயங்கவில்லை. தாவிப் போய் பூட்டக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் அம்மா பின்வாசலுக்கு நடந்தாள்.

பூட்டக்கா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அம்மா காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் போன்ல காட்டினது நீங்க நெட்ல போட்ட படம் மேடம். கிரீடம் வச்சது. பின்னாடி நம்ம போர்டு பளிச்சுனு தெரியுது. அந்தப் பாப்பா போன வாரமே நின்னுடுச்சுன்னு சொல்லிப் பார்த்தேன், நம்பலை."

"இதை... இதை ஏன் அப்பவே சொல்லலை?"

"அந்தப் பொண்ணு இந்த ஊர்ல உங்களை ஒருத்தரைத்தான் நம்பி இருக்கு. அது முன்னாடி எப்படிச் சொல்றது? நீங்களே பக்குவமா சொல்லிக்கோங்க. முதல்ல அந்தப் படத்தை எடுத்துடுங்க."

சிட்டுவைத் தூக்கிக்கொண்டு பூட்டக்கா போக, பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பிப் போயிற்று.

மேடம் தன் போனில் காப்பகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். கிரீடத்தோடு சிட்டு சிரித்தது. படத்துக்குக் கீழே ஏகப்பட்ட இதயங்கள். நடுவில், முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ வைத்திருந்த யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: "கிரீடம் வைத்த பாப்பா ரொம்ப அழகு! தினமும் வருவாளா?"

அதற்குக் கீழேயே மேடத்தின் பதில்:

"நன்றிங்க! எங்க செல்லம் தினமும் சாயந்திரம் ஐந்து மணி வரை இங்கதான் இருப்பா. நேர்லயே வந்து பாருங்களேன்!"