மூன்றாம் நாள் ஒன்ஸ்மோர்

கை தட்டிவிடக்கூடாது என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

அரங்கமே எழுந்து நின்று தட்டியது. முன்வரிசையில் ஒருவர் விசில்கூட அடித்துவிட்டார்.

அவள் மட்டும் அழுத்தமாக உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் அவள் கணவர் தனபாலன் பாதி எழுந்த நிலையில் தவித்தார். நிற்பதா, உட்காருவதா?

"பேருக்காவது எந்திரியேன்."

"பாடினவங்க வரட்டும். எந்திரிக்கிறேன்."

பாடினவர்கள் எங்கே வருவது? அவர்கள் எப்போதோ ஒரு ஸ்டூடியோவில் பாடிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மேடையில் நின்றவர்கள் அந்தப் பாட்டுக்கு வாயசைத்தார்கள். அதற்கு இத்தனை கைதட்டல்!

சென்னைக்கு வந்து இது இரண்டாம் நாள், இரண்டாவது இசை நாடகம்.

முதல் நாள் பார்த்தது ராஜா கதை. பின்னால் சுவர் அளவுக்குத் திரை. அதில் அருவி கொட்டியது, யானை நடந்தது. பாட்டு அன்றைக்கும் ஸ்டூடியோப் பாட்டுதான்.

"யானை நல்லா நடிச்சுச்சு" என்றாள், திரும்பி வரும்போது.

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். தனபாலன் சிரிக்கவில்லை.

இந்தப் பயணம் அவருடைய ஏற்பாடு. மானாமதுரையைச் சுற்றி எந்தத் திருவிழாவில் நாடகம் போட்டாலும் அவள் போர்வையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவர் ஒருநாளும் கூடப் போனதில்லை. சத்தம் ஆகாது அவருக்கு. அப்பேர்ப்பட்ட மனிதர், கல்யாண நாளுக்காக, அவளிடம் மூச்சுவிடாமல் மூன்று நாடகங்களுக்கு டிக்கெட் எடுத்திருந்தார்.

அது அவளுக்குத் தெரியாதா? தெரியும்.

அதற்காக நன்றாக இல்லாததை எப்படி நன்றாக இருக்கிறது என்பது? அவர் வைக்கும் ரசத்தைப் பற்றி இத்தனை வருடமாகப் பொய்தான் சொல்லிவருகிறாள். நாடகத்தில் அது முடியாது.

ஓட்டலில் இட்லியைப் பிட்டுக்கொண்டே அவர் கேட்டார்.

"பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போயிருவ?"

"ஆமா. கொறைஞ்சுதான் போயிருவேன்."

அவர் இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போனார்.

அவளுக்கும் அதற்குமேல் சோறு தண்ணி இறங்கவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மூன்றாம் நாள், கடல் கதை.

படகோட்டி ஒருவன் புயலுக்குள் போகிறான். பெண்டாட்டி கரையில் காத்திருக்கிறாள். ஏழெட்டுப் பேர் நீலத் துணியைப் பிடித்து ஆட்டினார்கள். அலையாம். ஆட்டட்டும். வந்த கொட்டாவியை முந்தானையால் மறைத்துக்கொண்டாள். அவருக்காக அந்த அளவுக்கு இறங்கிவந்தாள்.

கைகள் மட்டும் தொடைக்கு அடியிலேயே இருந்தன.

நீலத் துணியைச் சுருட்டி எடுத்துப் போனார்கள். மேடையில் கதாநாயகி மட்டும். வலையை மடியில் போட்டுப் பின்னிக்கொண்டிருந்தாள். அடுத்த பாட்டு இன்னும் தொடங்கவில்லை.

அந்த இடைவெளியில், பின்னியபடியே, இரண்டு வரி பாடினாள்.

சொந்தக் குரல்.

கொஞ்சம் கரகரப்பு. கடைசிச் சொல்லில் மூச்சு வாங்கியது.

அடி என் தங்கமே! மூன்று நாளாக இதை எங்கே ஒளித்துவைத்திருந்தீர்கள்?

"ஒன்ஸ்மோர்!"

அவளுடைய ஊர்ப் பக்கம் அது வழக்கம். பாட்டு பிடித்தால் கேட்கவேண்டும். கேட்டால் நடிகை சபையைக் கும்பிட்டுவிட்டு மறுபடி பாடவேண்டும். ஒருவரும் கேட்காவிட்டால்தான் பாடினவளுக்கு அவமானம்.

இங்கே அத்தனை தலைகளும் திரும்பின. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மேடையில் அந்தப் பெண்ணின் கைகள் வலையை விட்டுக் கும்பிட எழுந்தன. எந்த ஊர்ப் பிள்ளையோ!

அதற்குள் ஸ்டூடியோப் பாட்டு ஓடத் தொடங்கிவிட்டது. எழுந்த கைகள் பாதியில் நின்றன. வாயசைக்கவே ஒரு வரி தாமதமானது.

பாட்டு முடியும்போது அரங்க ஊழியர் டார்ச் அடித்துக்கொண்டு வரிசைக்குள் வந்தார்.

"யாருங்க கத்துனது? இன்னொரு தடவை கத்துனா வெளிய போக வேண்டியிருக்கும்."

நான்தான், இப்போ என்ன? பதில் நாக்கு நுனியில் நின்றது. எழப்போனாள்.

ஒரு கை தோளை அழுத்தி உட்காரவைத்தது.

எழுந்து நின்றது தனபாலன்.

டார்ச் வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. அந்த ஏ.சி.யிலும் வேர்த்திருந்தது.

"நான்தான்."

கத்தியது பெண் குரல் என்று அரங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஊழியர் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

தனபாலன் மேடைப் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்தார்.

"ஒன்ஸ்மோர்!"

குரல் உடைந்து பிசிறடித்தது.

மேடையில் அப்போது பாட்டே இல்லை. ஊர்த்தலைவர் வேடம் போட்டவர், படகோட்டி கடலில் செத்துப்போனான் என்று துண்டை வாயில் பொத்திக்கொண்டு சொல்லி முடித்திருந்தார்.

இடம் தப்பு. படு தப்பு. சாவுச் செய்தியை யாராவது மறுபடி சொல்லச் சொல்வார்களா?

அதைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

சத்தமே ஆகாத மனிதர், டார்ச் வெளிச்சத்தில் இன்னும் உட்காராமல் மேடையைப் பார்த்து நின்றார்.

வாயை மூடிக்கொண்டாள்.

எழுந்து நின்றாள். கை தட்டினாள்.