தேசப்பன் கொடுத்த ரத்தம்

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தையைப் பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து லைட்ஹவுஸ் குப்பத்துக்குக் கொண்டுவந்து பத்து நாளாகிறது. தேசப்பன் இன்னும் அதைத் தூக்கவில்லை. தூளிப் பக்கம் வந்து நிற்பான். மனைவி கன்னியம்மா பார்த்துவிட்டால் வலையை அள்ளிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

“யோவ், பொட்டப் புள்ளன்னுதான மூஞ்சத் திருப்பிக்கினு போற?”

“அதெல்லாம் இல்ல. நாளைக்கு டாக்டரம்மாகிட்ட புள்ள கண்ணக் காட்ட நீயே இட்டுகினு போ. நான் வரல.”

“பெத்தவன் வராம, ஊரான் வருவானா?”

தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

“கொறமாசப் புள்ளைக்கு மூணு வாட்டி ரத்தம் ஏத்திக்கீது, கண்ணு கெட்டாலும் கெடும்னு அந்தம்மா சொல்லல? ஏத்துனது என் ரத்தம். என்னாட்டம் ஒத்தக் கண்ணாப் பூடும்மே.”

“ஒன் கண்ணு கெளுத்தி மீனு முள்ளு குத்திப் போச்சு. முள்ளு ரத்தத்துலயா ஓடுது? ஆரு ரத்தம் ஏத்துனாலும் கண்ணு பாக்கணும்னுதான் சொன்னாங்க.”

“என் ரத்தத்தக் குடுத்திருக்கவே கூடாது.”

கன்னியம்மாவால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

“ஒன் ரத்தம் புள்ளைக்குச் சேரலய்யா. அத வேற ஆருக்கோ குடுத்துட்டாங்க. புள்ளைக்கு ஏத்துனது ஆரோ மவராசன் ரத்தம். நீ குப்பம் பூரா பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சியா, எனக்குச் சொல்ல வாய் வரல.”

தேசப்பன் வலையைக் கீழே போட்டான். முதல் தடவையாகக் குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

“நாளைக்கு நானும் வரேன்” என்றான். பிறகு குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி கேட்டான்.

“அப்ப இதுக்குள்ள என் ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லியா?”