முந்திக்கொண்ட விரல்

"தப்பாத்தானேம்மா ஹிட்டாச்சு? தப்பாவே வாசிச்சுத் தொலையேன்!" என்று கல்யாண வரவேற்பு மேடையிலேயே கத்தினார் கச்சேரிக் குழு முதலாளி தணிகாசலம்.

பேஸ் கிட்டாரை இறக்காமலே பிலோமி திருப்பிக் கத்தினாள். "அது என் தப்பு சார். இத்தனை வருஷம் வாசிச்சாச்சு. இனிமே திருத்தித்தான் வாசிப்பேன்."

"ஊரே ஆடின தப்பு. அது இன்னுமா உன்னுது?"

விஷயம் இதுதான். ஒரு சினிமாப் பாட்டைப் பதிவு செய்த அன்று, பாடகர் வாய் திறக்கும் முன்பே பிலோமியின் விரல் முந்திக்கொண்டது. இன்னொரு டேக் எடுக்க யாருக்கும் பொறுமையில்லை. அந்த அவசரத் 'தும்'முக்காகவே பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. பாடகருக்கு மாலை விழுந்தது, இசையமைப்பாளர் கார் வாங்கினார். பிலோமிக்கு மட்டும் மேடைக்கு மேடை அதே தப்பு.

அன்றும் அதே பாட்டு ஆரம்பித்தது. அந்த இடம் வந்ததும் அவள் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். கூட்டம் விடுமா? மாப்பிள்ளை உட்பட மண்டபமே வாயால் "தும்" என்றது. அவள் அசையவில்லை. தான் நினைத்த இடத்தில்தான் விரலை இறக்கினாள்.

"ஜனங்களோட போய்யா!" என்று டிரம்ஸ்காரர் குணாளனிடம் பல்லைக் கடித்தார் தணிகாசலம். குணாளன் மண்டபத்தைப் பார்த்தார், பிலோமியைப் பார்த்தார். பிறகு அவளோடு சேர்ந்து அடித்தார்.

அன்றே இருவருக்கும் வேலை போயிற்று. தையில் குணாளன் அவளையே கட்டிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனார். கீழ்வீட்டுக்காரர்கள் இரண்டு வாத்தியத்தையும் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் காலி செய்துவிட்டார்களாம்.