வராத விருந்தாளி

முதல் குற்றம்: தையல் கூடத்தில் நாங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஸீடூ யூக்-லின் மறியலைத் தாண்டி உள்ளே போனாள்.

இரண்டாவது: அந்த வருடப் புத்தாண்டு விருந்தில், பெரியவர்கள் மீனில் கை வைப்பதற்கு முன்பே ஒரு கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு எழுந்து போனாள். எங்களோடு ஒரே தட்டில் சாப்பிட மனமில்லை.

மூன்றாவது: எங்கள் செயலாளர் லாவின் மனைவி இறந்தபோது, பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சைனாடவுன் சங்கக் கூடத்தில் நின்று, வரிசை பிசகாமல் இதைப் படித்தேன். தலைகள் ஆடின.

க்ளினிக்கிலிருந்து வந்திருந்த குவான் தயங்கினாள். "ஸீடூ அக்கா பயிற்சியை முடிச்சுட்டாங்க. சீனம் பேசுற வீடுகளுக்குப் போய், ஈரல் வியாதிக்கு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கச் சொல்லணும். நீங்க கதவைத் திறக்கலேன்னா இந்த வேலையை அவங்களுக்குக் கொடுக்க முடியாது."

"கருங்காலிக்கு எவன் திறப்பான்?"

"முதலாளி வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லும்மா. பழகின கதவு."

சிரித்தார்கள். குவான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூக்-லின், தன் சட்டையில் குத்தியிருந்த புது அடையாள அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ஏன் உள்ளே போனே? அதை மட்டும் சொல்லு" என்றேன்.

"சொல்றதுக்கில்ல அண்ணே. அது இன்னொருத்தர் வியாதி."

"நல்ல சாக்கு. பயிற்சியில சொல்லிக்கொடுத்தாங்களா?"

"அது முன்னாடியே தெரியும். பயிற்சியில புதுசாத் தெரிஞ்சுக்கிட்டது வேற. ஒரே தட்டுல சாப்பிட்டா இந்த வியாதி ஒட்டாதாம். பாவம், அது தெரியாமலே அவ..." நிறுத்திக்கொண்டாள்.

குவான் பேனாவை மூடினாள்.

அப்போதுதான் லாவ் எழுந்தார். யூக்-லினைக் கருங்காலி என்று அச்சடித்த நோட்டீசில் கையெழுத்துப் போட்டவர்.

"நீங்க உட்காருங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"அந்தத் தாளைக் கொடு."

கொடுத்தேன். கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு. வேலையை நிறுத்தினதும் நம்ம எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு நின்னுபோச்சு. உள்ளே போனவளுக்கு நிக்கல. அவ பேர்ல வாங்கின ஈரல் மாத்திரையை என் பெண்டாட்டி சாப்பிட்டா."

விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

"ரெண்டு. அந்தக் கிண்ணமும் என் பெண்டாட்டிக்குத்தான். உங்களுக்கெல்லாம் ஒட்டிக்கும்னு பயந்து விருந்துக்கு வராம வீட்லயே கிடந்தா. விரதம்னு நான்தான் உங்ககிட்ட சொன்னேன்."

"அண்ணே..."

"மூணு. சாவுக்கு வந்தா நீ அழுற அழுகையிலயே எல்லாருக்கும் தெரிஞ்சுடும், வராதேன்னு இவகிட்ட சொன்னதும் நான்தான்."

"இத்தனை வருஷம் இவளை நாங்க காறித் துப்பினோமே, வாயைத் திறந்திருக்கலாமே அண்ணே" என்றது பின்வரிசைக் குரல்.

"கருங்காலி கொடுத்த மாத்திரையில செயலாளர் வீட்டுக்காரி உயிரோட இருக்கான்னு தெரிஞ்சிருந்தா, மறியல்ல நீ நின்னிருப்பியா?"

லாவ் பேனாவை எடுத்தார். தாளின் தலைப்பில் நான் எழுதியிருந்த யூக்-லினின் பெயரை அடித்தார். மேலே ஏதோ எழுதி குவானிடம் நீட்டினார்.

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிம்மா. இவங்க எல்லாரும் சாட்சி."

யூக்-லின் வேண்டாம் என்று தலையசைத்தாள். குவான் படித்தாள்.

"குற்றம் சாட்டப்பட்டவர், லாவ் வாய்-கியுங்."