ஆளைக் காணாத குழாய்

பறவைகளின் ஆஸ்பத்திரி ஒன்றில் இறக்கையைக் கழுவினால்தான் வார்டுக்குள் விடுவார்கள். ஆள் வந்தால் தானாகத் திறக்கும் குழாய் அங்கே இருந்தது. காய்ச்சலில் கிடந்த தன் குஞ்சைப் பார்க்க வந்த காகம் இறக்கையை நீட்டியது. சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"திறங்கண்ணே, உள்ளே பிள்ளை அழுறான்," என்றது காகம்.

"ஆள் வந்தாத் திறப்பேன். இங்கே யாரையும் காணோமே," என்றது குழாய்.

"அப்ப இவ்வளவு நேரம் யாரோட பேசுறீங்க?"

"குரல் கேட்குது. ஆளைத்தான் காணோம்."

காகம் போய் மேலாளர் அன்னத்தைக் கூட்டிவந்தது. அன்னம் தன் வெள்ளை இறக்கையை நீட்டியதும் தண்ணீர் கொட்டியது.

"நல்லாத்தானே இருக்கு! உனக்குச் சரியா நீட்டத் தெரியலை. எங்க குழாய் யாரையும் நிறம் பார்த்து நடத்தாதும்மா," என்ற அன்னம், புகார்த் தாளில் 'குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது.

அதற்குள் காகம் அந்தத் தண்ணீரிலேயே அவசரமாக இறக்கையைக் கழுவிக்கொண்டு வார்டுக்கு ஓடியது. நூறடி தள்ளி, வார்டு வாசலில் தூங்கி வழிந்துகொண்டிருந்த காவல்காரக் கொக்கு துள்ளி எழுந்தது.

"ஏய், நில்லு! யார் பிள்ளையைத் தூக்க வந்தே?"