பெருவிரல் ரேகை

புதுவீட்டில் பால் காய்ச்சிய கையோடு மயங்கி விழுந்த சண்முகவடிவு, மறுநாள் மருத்துவமனையில்தான் கண் விழித்தாள். வலது பெருவிரல் கரிக்கட்டையாகக் கிடந்தது.

"கிருமியோட நஞ்சு, ரத்தக்குழாய் உள்சுவர்ல இருக்கிற செல்களைச் செத்துப்போகச் சொல்லும். அதுங்களும் கேட்டுச் செத்துடும். விரலுக்கு ரத்தம் போகாது. நாளைக்கு எடுத்தாகணும்," என்றார் டாக்டர். "உங்க உடம்பைக் கண்காணிக்கிற மணிக்கட்டுப் பட்டை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நேத்து விடியக்காலமே எச்சரிச்சிருக்கு. நீங்கதான் ரேகை வச்சு அணைச்சிருக்கீங்க."

"நானா? காய்ச்சல்ல தூங்கிட்டிருந்தேனே."

கணவன் தில்லைநாதன் தலைகுனிந்தான். "நான்தான் உன் விரலை எடுத்து வச்சேன். நல்ல நேரம் போயிடும்னு... நீ பால் காய்ச்சினதும் கூட்டிட்டுப் போகலாம்னு நினைச்சேன், வடிவு."

அவள் கையைப் பற்ற வந்தான். அவள் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க. இது உங்க பேச்சைக் கேட்டுச் செத்த விரல்."